நீதிமன்ற முன்றிலில் நின்ற பையன்
ஈஸ்டன் நகரப் போர்வீரர் நினைவுச்சின்னம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

கவிதை, நாவல், நாடகம் என்பனவற்றை விமரிசிப்பதற்குப் பழகிய நாம், தெருவோரத்தில் நிற்கும் ஒரு சிலையை விமரிசனத்துக்குரிய படைப்பாகக் கொள்வது அரிது. சிலை அழகாக அமைந்திருக்கிறதா, முகச்சாயல் பொருந்துகிறதா என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆயின் நினைவுச்சின்னம் ஒன்றுக்கு ஆக்கியோன் உண்டு, புரவலர் உண்டு, சொல்லும் வடிவமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, விரும்பியோ விரும்பாமலோ நாள்தோறும் அதனை வாசித்தாக வேண்டிய வாசகரும் உண்டு. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம். நீதிமன்ற வாயிலில் நிற்கும் சிலையை அவ்வாறு மூடி வைத்தல் இயலாது. வழக்குக்கு வருபவனும், சாட்சி சொல்ல வருபவளும், காணி உறுதி பதிய வருபவரும் அதனைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். இவ்வகை வாசகனின் நிலையிலிருந்து ஒரு நினைவுச்சின்னத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசப்பீக் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள டால்பட் கவுண்டியின் நினைவுச்சின்னமாகும். கவுண்டி என்பது நமது மாவட்டத்துக்கு ஏறத்தாழ ஒப்பான நிருவாகப் பிரிவு. அதன் தலைநகரான ஈஸ்டனில், நீதிமன்றக் கட்டடத்தின் முன்றிலில், 1916ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை இச்சின்னம் நின்றது. பீடமும் சிலையும் சேர்ந்து ஏறத்தாழ 13 அடி உயரம். பீடம் 1914இல் அமைக்கப்பட்டது. செப்பாலான உருவம் 1916இல் அதன்மேல் ஏற்றப்பட்டது. உருவம் ஓர் இளம் வீரனுடையது. தென் மாநிலக் கூட்டின் கொடியை அணைத்தாற்போல் ஏந்தி அவன் நிற்கிறான். உள்நாட்டு யுத்தத்தில் அப்பகுதியிலிருந்து சென்று தெற்கின் பக்கம் போரிட்ட 84 பேரின் பெயர்களைப் பீடம் தாங்குகிறது. முகப்பிலே, 'டால்பட் பையன்களுக்கு' என்று பொருள்தரும் ஆங்கில வாசகமும், 1861–1865 என்ற ஆண்டுகளும், 'சி.எஸ்.ஏ.' என்னும் மூன்றெழுத்தும் காணப்படும். பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட 'அமெரிக்கக் கூட்டு நாடுகள்' என்ற பெயரின் சுருக்கமே அம்மூன்றெழுத்து. அந்நாடு எதன்பொருட்டுத் தோன்றியது, அப்பையன்கள் எவரை எதிர்த்துப் போரிட்டனர் என்பன பற்றி முகப்பு வாசகம் எதுவும் கூறவில்லை.

இம்மௌனத்தை விளங்கிக்கொள்வதற்கு மேரிலாந்தின் நிலையைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். அடிமை முறையைக் காப்பதற்காக ஐக்கியத்திலிருந்து பிரிந்து சென்ற மாநிலங்கள் பதினொன்று. மேரிலாந்து அவற்றுள் ஒன்றன்று. அங்கு அடிமை முறை இருந்தது. எனினும் அது ஐக்கியத்தினுள்ளேயே இருந்தது. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநிலத்தில் 87,189 அடிமைகளும், அவர்களுக்கு ஏறக்குறையச் சமமான தொகையில், 83,942 சுதந்திரக் கறுப்பினத்தாரும் வாழ்ந்தனர். 1863ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கே உரியதாதலின், மேரிலாந்து அடிமைகளை அது விடுவிக்கவில்லை. 1864 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த மாநிலப் புதிய அரசியலமைப்பே அவர்களை விடுவித்தது. எனவே, டால்பட்டிலிருந்து தெற்கின் படையிற் சேர்ந்தவர்கள் தமது மாநிலம் இட்ட ஆணைப்படி சென்றவர்களல்லர்; மாநில எல்லையைக் கடந்து, தமது மாநிலமும் அங்கம் வகித்த ஐக்கியத்துக்கு எதிராகப் போரிட்டவர்கள். மறுபுறத்தில், அதே கவுண்டியிலிருந்து 300க்கு மேற்பட்டோர் ஐக்கியத்தின் படையிற் சேர்ந்து போரிட்டனர். அவர்களுள் கறுப்பினத்தாரும் அடங்குவர். முன்றிலில் அவர்களுக்குச் சின்னம் எதுவும் எழவில்லை.

இந்தப் பின்னணியில் முகப்பு வாசகத்தை மீண்டும் வாசிப்போம். 'டால்பட் பையன்கள்' என்பதில் இரு சொற்களே உள்ளன. இரண்டும் ஆழ்ந்து நோக்கத்தக்கன.

முதலாவது ஊர்ப்பெயர். 84 பேர் டால்பட்டின் பையன்கள் எனில் ஏனைய 300க்கு மேற்பட்டோர் எவ்வூரின் பையன்கள் என்ற வினா இயல்பாகவே எழுகிறது. 'தெற்குக்காகப் போரிட்ட டால்பட்டினர் சிலருக்கு' என்று எழுதியிருந்தால் அஃது ஒரு தகவலாக அமைந்திருக்கும். ஆனால் எழுதியோர் ஊரின் பெயரை முழுவதுமாக ஒரு சாராருக்கு உரிமையாக்கிவிட்டனர். தொகையிற் சிறியதொரு பகுதி முழுமையின் பெயரைப் பூண்டுகொள்வது அரசியலிற் புதிதன்று. கல்லில் எழுதிவிட்டால் அஃது ஒரு தலைமுறைக்குப் பின் இயல்பானதாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

இரண்டாவது சொல் இதனினும் நுட்பமானது. ஆங்கிலத்திலே போருக்குப் போன தம் வீட்டு இளைஞரைப் 'போய்ஸ்' என்று அழைப்பது வாஞ்சையான வழக்கு. இதனைப் 'பையன்கள்' என்று பெயர்ப்பதைவிட நமது பேச்சு வழக்கில் 'பொடியள்' என்று பெயர்ப்பதே பொருந்தும். அச்சொல்லில் இருக்கும் உரிமையும் பரிவும் கண்டிக்கத் தயங்கும் மனநிலையும் ஆங்கிலச் சொல்லிலும் உண்டு. பொடியள் என்று சொல்லிவிட்ட பிறகு அவர்களிடம் கணக்குக் கேட்பது கடினம். டால்பட்டிலிருந்து தெற்குக்காகப் போரிட்டவர்களுட் பெயர்பெற்றவர் பிராங்ளின் புக்கானன். ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் முதலாவது அதிபராக 1845இல் நியமிக்கப்பட்ட அவர், பின்னர் தெற்கின் 'வேர்ஜீனியா' என்ற இரும்புக் கவசக் கப்பலுக்கு 1862இல் தலைமை தாங்கினார். அவர் பிறந்தது 1800ஆம் ஆண்டு. யுத்தம் தொடங்கியபோது அறுபது வயதைக் கடந்தவர். அத்தகையோரையும் உள்ளடக்கிய ஒரு வரலாற்றுக்கு ஒரு சிறுவனின் உருவத்தை அடையாளமாகத் தேர்ந்தமை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இச்சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. அமெரிக்கத் தெற்கிலே, முதிர்ந்த கறுப்பின ஆடவனை 'போய்' என்று விளிப்பது நெடுங்காலம் நிலவிய வழக்கம். பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட முதியவரையும் வெள்ளையின இளைஞன் அவ்வாறே அழைத்தான். வெள்ளையனுக்கு இச்சொல் வழங்கப்படும்போது அது பரிவாகிறது. கறுப்பினத்தானுக்கு வழங்கப்படும்போது அவன் என்றும் முழு மனிதன் ஆகான் என்ற தீர்ப்பாகிறது. நீதிமன்றத்துக்குள்ளே இரண்டாவது பொருளிற் கேட்ட சொல்லை நீதிமன்றத்துக்கு வெளியே முதலாவது பொருளிற் பொறித்து வைத்தவர்கள் இம்முரணை உணர்ந்திருந்தனரா என்பது முக்கியமன்று. அதனை வாசித்த கறுப்பின வாசகன் உணராதிருக்க முடியாது.

உருவத்தைப் பொறுத்தவரை சில கூறலாம். நிற்கும் சாதாரணப் போர்வீரன் என்னும் சிலை வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவெங்கும் பரவியது. அதற்கு முன்னர் சிலை பெற்றவர்கள் பெரும்பாலும் தளபதிகளும் தலைவர்களுமே. பெயர் அறியாத காலாட்படை வீரன் பீடத்தின்மீது ஏறியமை ஒருவகையில் சனநாயகப் பண்புடையதெனலாம். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டிலிருந்த ஒரு நிறுவனம் துத்தநாகத்தால் இத்தகைய வீரர்களை வார்த்து, இடுப்புப்பட்டியின் எழுத்து முதலிய சிறு மாற்றங்களுடன் வடக்குக்கும் தெற்குக்கும் ஒருங்கே விற்றது. டால்பட் சிலை செப்பாலானது. அந்நிறுவனத்தின் துத்தநாக வார்ப்புகளோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. ஆயினும் அது பிறந்த சூழல் இதுவே. ஒரே வார்ப்பு இரு பகைவருக்கும் பொருந்துமெனில், அவ்வார்ப்பிலே யுத்தத்தின் காரணம் இடம்பெற வழியில்லை. காரணத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வீரமும் இளமையும் இழப்பும். அவை எல்லாருக்கும் பொதுவானவை; ஆகவே எவரையும் நோகச் செய்யாதன போலத் தோன்றுபவை.

ஆயின் இவ்வார்ப்பு எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. கேர்க் சாவேஜ் என்ற கலை வரலாற்றாசிரியர் 1997இல் வெளியிட்ட, நிற்கும் போர்வீரரையும் மண்டியிடும் அடிமைகளையும் பற்றிய நூலில், இந்தப் பொதுப் போர்வீரன் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் வெள்ளையனாகவே வார்க்கப்பட்டான் என்பதை எடுத்துக்காட்டுகிறார். ஐக்கியத்தின் படையில் ஏறத்தாழ 180,000 கறுப்பின வீரர்கள் சேவை செய்தனர். மேரிலாந்திலிருந்து மட்டும் 8,700க்கு மேற்பட்டோர். அவர்கள் 'சாதாரணப் போர்வீரன்' என்ற வடிவத்துள் அடங்கவில்லை.

டால்பட் சிலைக்கெனத் தனியான ஒரு பண்பும் உண்டு. ஏனைய பல சிலைகளிலே வீரன் துப்பாக்கியின் முனையைப் பற்றியபடி நிமிர்ந்து நிற்பான். இங்கோ அவன் கைகளிற் கொடி. கொலை செய்யும் கருவியை அகற்றி, காக்கப்பட வேண்டிய ஒன்றை அக்கைகளிற் கொடுத்துவிட்டார் சிற்பி. தாக்கச் சென்றவன் காக்க நிற்பவனாகிறான். கலை நோக்கில் இஃது ஒரு திறமையான தேர்வே; பார்ப்போர் மனத்தில் இரக்கத்தை எழுப்பும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சொல்லும் உருவமும் இங்கு ஒன்றையொன்று தழுவி ஒரே கருத்தைச் சொல்கின்றன: இவன் குற்றமற்றவன். இவன் சிறுவன். ஊரின் பிள்ளை. தன் கொடியை விடாதவன். நீதிமன்றத்தின் உள்ளே தீர்ப்புகள் விசாரணைக்குப் பின்னரே வழங்கப்படும். வெளியே, முன்றிலில், விசாரணை எதுவுமின்றி ஒரு தீர்ப்பு செம்பிலே வார்த்து வைக்கப்பட்டிருந்தது.

இத்தீர்ப்பு வழங்கப்பட்ட காலத்தை அடுத்து நோக்க வேண்டும். தெற்கின் தொடக்க கால நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் இடுகாடுகளில் எழுந்தவை. யுத்தம் முடிந்த கையோடு, இறந்தோரின் உடல்களைத் தேடி எடுத்து அடக்கஞ் செய்த பெண்கள் சங்கங்கள் அவற்றை எழுப்பின. கல்லறைகளின் நடுவே நின்ற அச்சின்னங்களின் பேச்சு துயரத்தின் பேச்சு. தெற்கின் தளபதியான ரொபேர்ட் லீ கூட, 1869இல் எழுதிய ஒரு கடிதத்தில், யுத்தத்தின் புண்களை ஆறவிடாது வைத்திருப்பதைத் தவிர்த்தலே விவேகம் என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். ஆனால் 1890களுக்குப் பின் நிலைமை மாறுகிறது. 1894இல் நாஷ்வில் நகரில் உருவாகிய 'தெற்கின் ஐக்கியப் புதல்வியர்' அமைப்பு ஊர்தோறும் நிதி திரட்டியது. சின்னங்கள் இடுகாட்டை விட்டு நீதிமன்ற முன்றிலுக்கு இடம்பெயர்ந்தன. தெற்கெங்கும் நீதிமன்றச் சின்னங்கள் மிகப் பெருந்தொகையாக எழுந்த காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களே.

அக்காலத்தை ஒட்டி வேறொன்றும் நிகழ்ந்தது. 1896இல் உச்ச நீதிமன்றம் 'பிரித்தாலும் சமமே' என்ற கோட்பாட்டை ஏற்று இனப் பிரிவினைக்குச் சட்டத் தகுதி வழங்கியது. தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்தன. மேரிலாந்திலும் இதற்கென அரசியலமைப்புத் திருத்தங்கள் 1905, 1909, 1911 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை கொண்டுவரப்பட்டன, மூன்றும் தோல்வியுற்றன. மூன்றாவது தோல்விக்கு மூன்று ஆண்டுகளின் பின் ஈஸ்டன் பீடம் எழுந்தது. ஒன்றன் விளைவே மற்றது என்று நேர்கோடிட்டுக் காட்டுவது இயந்திரப் பாங்கான விளக்கமாகிவிடும். நம் விமரிசகர் சிலர் இலக்கியத்தையும் இவ்வாறு விளக்கி அலுப்பூட்டியதுண்டு. ஆயினும் யாருக்கு வாக்கு, யாருக்கு நீதி என்பன தீர்மானிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், நீதி வழங்கும் கட்டடத்தின் முன்னே சி.எஸ்.ஏ. என்று பொறிப்பது வெறும் துயரத்தின் செயலாக இருக்க முடியாது. துயரம் ஐம்பது ஆண்டுகளாகத் தனக்குரிய இடுகாட்டை அறிந்திருந்தது.

இடத்தின் கேள்விக்கு இவ்வாறு வந்து சேர்கிறோம். தமிழிலே நாம் நடுகல் என்ற சொல்லைக் கையாளப் பழகியுள்ளோம். போர்வீரர் நினைவுச்சின்னம் என்றதும் அச்சொல்லே நாவுக்கு வருகிறது. ஆனால் அச்சொல் இங்குப் பொருந்தாது. ஈஸ்டன் நீதிமன்ற முன்றிலில் அந்த 84 பேரும் வீழவுமில்லை, அங்கு புதைக்கப்படவுமில்லை. இந்த இடத்துக்கும் அவர்களது போருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இந்த இடத்தோடு தொடர்புடைய வேறொரு இளைஞனின் கதை உண்டு.

பிரெட்ரிக் டக்ளஸ் 1818இல் டால்பட் கவுண்டியில் அடிமையாகப் பிறந்தவர். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பாட்டியிடம் வளர்ந்து, ஏறத்தாழ ஆறு வயதில் லொயிட் குடும்பத்தின் வை பெருந்தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். 1836ஆம் ஆண்டு ஏப்ரலில் தோழர் சிலருடன் தப்பிச் செல்லத் திட்டமிட்டு, அது வெளிப்பட்டுவிட, கட்டுண்டு ஈஸ்டன் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அடிமை வியாபாரிகள் சிறைக்குள்ளே வந்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் தம்மைப் பார்த்தமையை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 18. செம்பிலே வார்த்து நிறுத்தப்பட்ட பையனின் வயதும் ஏறத்தாழ அதுவேயாகும். இரண்டு ஆண்டுகளின் பின் பால்டிமோரிலிருந்து தப்பிய அவர், 1845இல் தம் வரலாற்றின் முதல் நூலை வெளியிட்டார். 1878 நவம்பரில், அறுபதாவது வயதில், ஈஸ்டனுக்குத் திரும்பி வந்து அந்நீதிமன்றத்திலேயே உரையாற்றினார். ஒரு காலத்தில் கைதியாக வந்த ஊருக்குப் பேச்சாளராக வருவது எத்தகைய அனுபவம் என்பதை ஒரு நாடகாசிரியன் எழுதலாம்.

நீதிமன்ற முன்றில் என்ற இடம் கிழக்குக் கரையின் கறுப்பின மக்களுக்கு உணர்த்துவது இன்னதென்பதற்கு வேறொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். ஈஸ்டனுக்குத் தெற்கேயுள்ள சாலிஸ்பரி நகரிலே, 1931 டிசெம்பரில், மத்தியூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞன் மருத்துவமனையிலிருந்து கும்பலொன்றால் இழுத்துவரப்பட்டு, நீதிமன்ற முன்றிலின் மரத்தில் தூக்கிலிடப்பட்டான். எவரும் தண்டிக்கப்படவில்லை. காட்டிலோ வயலோரத்திலோ செய்யக்கூடியதை நீதிமன்ற முன்றிலில் வைத்துச் செய்தமைக்கு ஒரு பொருள் உண்டு. உள்ளே இருக்கும் சட்டம் எங்களுடையது என்பதே அப்பொருள். ஈஸ்டன் சிலை எவரையும் கொல்லவில்லை. அதனையும் இக்கொலையையும் சமன்படுத்துவது மிகையாகும். ஆயினும் இரண்டும் ஒரே இடத்தின் மொழியைப் பயன்படுத்தின. ஒன்று கயிற்றாலும் மற்றது செம்பாலும் அவ்விடம் யாருடையது என்பதைக் கூறின.

2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இம்முன்றிலில் டக்ளசுக்கும் ஒரு சிலை திறக்கப்பட்டது. முன்றில் போர்வீரருக்கே உரியது, டக்ளஸ் போர்வீரரல்லர் என்ற ஆட்சேபத்தை எல்லாம் கடந்து அது வந்து சேர்ந்தது. ஜே ஹோல் கார்ப்பென்டர் என்ற சிற்பி, உரையாற்றும் கோலத்தில், கையை உயர்த்தியவாறு டக்ளசை வடித்துள்ளார். சுதந்திர உணர்வின் வேகம் அதில் இருக்கிறது. ஆயினும் விமரிசன நோக்கில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அங்கு வந்து நிற்பவர் புகழ்பெற்ற பேச்சாளரான டக்ளஸ். கட்டுண்டு வந்த பதினெட்டு வயது இளைஞன் அல்லன். பதினோராண்டுக் காலம் அம்முன்றிலில் ஒருபுறம் ஒரு வெள்ளைச் சிறுவனும் மறுபுறம் ஒரு கறுப்பினப் பெரியவரும் நின்றனர். இரக்கத்துக்கு உரியவனாக ஒருவன். மரியாதைக்கு உரியவராக மற்றவர். கறுப்பின இளைஞன் ஒருவனும் ஊரின் 'பையனாக' இருந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இரு சிலைகளிலும் இடமில்லை. மாமனிதனாகிக் காட்டினாலன்றி அவன் முன்றிலுக்குள் வர முடியவில்லை. மற்றவனுக்கோ டால்பட்டிற் பிறந்து தெற்கின் கொடியைத் தூக்கினால் போதுமானதாயிருந்தது.

இரு சிலைகளும் அருகருகே நிற்பதால் வரலாறு சமநிலை பெற்றுவிட்டது என்று கூறியோர் பலர். அதே போக்கில், பீடத்திலே இருதரப்பாரின் பெயர்களையும் ஒருங்கே பொறிக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. நல்லெண்ணத்தில் எழுந்த யோசனையாகவே இதனைக் கொள்ளலாம். ஆனால் அடிமையாக வைத்திருப்பதற்கான உரிமைக்கும் அடிமையாக இராதிருப்பதற்கான உரிமைக்கும் இடையில் நடுநிலை எங்கு இருக்கிறது? பெயர்களை ஒரே கல்லில் எழுதினால் யுத்தம் ஒரு துரதிர்ஷ்டமாக, எவரும் தொடங்காத ஒரு புயலாக மாறிவிடுகிறது. முன்னர் துத்தநாக வார்ப்பிலே கண்ட அதே நீக்கம் இங்கு வேறொரு வடிவில் நிகழ்கிறது.

சிலையை அகற்றும் கோரிக்கையின் வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. 2015 யூனில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயமொன்றில் ஒன்பது கறுப்பினத்தார் கொல்லப்பட்டதையடுத்து நாடெங்கும் எழுந்த கேள்வி ஈஸ்டனிலும் எழுந்தது. 2016இல் கவுண்டி சபை சிலையை வைத்திருக்கத் தீர்மானித்தது. 2020 ஓகஸ்டில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் மீண்டும் அதே தீர்மானம். 2021 மே மாதத்தில் கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கக் கிளையும், வசதியற்றோருக்காக வாதாடும் அரச சட்டத்தரணிகள் அலுவலகமும் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, அதே மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில், அகற்றுவதென முடிவாயிற்று. 2022 மார்ச் 14ஆந் திகதி சிலை பெயர்த்தெடுக்கப்பட்டது.

இவற்றுள் வழக்கே விமரிசகனின் கவனத்துக்குரியது. கட்சிக்காரனின் பக்கத்தில் நின்று வாதாடும் கறுப்பினச் சட்டத்தரணி, தானும் தன் கட்சிக்காரனும் நாள்தோறும் இச்சிலையைக் கடந்தே நீதி கேட்கச் செல்ல வேண்டியுள்ளது என்று முறையிடுகையில், அஃது ஒருவகை வாசிப்பனுபவம் பற்றிய சாட்சியமாகவே அமைகிறது. படைப்பின் பொருளை ஆக்கியோனின் உள்ளக்கருத்து முடிவு செய்யுமா, வாசகனின் அனுபவம் முடிவு செய்யுமா என்று விரிவுரை மண்டபங்களில் நாம் விவாதிப்பதுண்டு. ஈஸ்டனில் அவ்விவாதத்தின் முடிவிற் சிலருடைய அன்றாட வாழ்வு தங்கியிருந்தது. 'என் பாட்டனாரின் பெயர் அதில் இருக்கிறது. எனக்கு அது பாசத்தின் சின்னம்' என்போரின் வாசிப்பைப் பொய்யென்று நான் கூறமாட்டேன். ஆனால் பாசத்தின் வாசகர் சிலையை நாடிச் செல்கிறார். மற்ற வாசகர் அழைப்பாணை பெற்று அதன் முன்னே நிறுத்தப்படுகிறார். இருவரையும் ஒரே தராசில் வைக்க இயலாது. பாசம் வேறோர் இடத்திலும் வாழும்.

வேறோர் இடம் கிடைத்தும் விட்டது. சிலை இன்று வேர்ஜீனியா மாநிலத்தில், ஹரிசன்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள குறோஸ் கீஸ் போர்க்களத்தில் நிற்கிறது. அங்கு 1862 யூன் 8ஆந் திகதி நடந்த சமரில் தெற்கின் பக்கம் மேரிலாந்துப் படைப்பிரிவொன்றும் பங்குகொண்டது. சிலை மாறவில்லை, சொல் மாறவில்லை, 84 பெயர்களும் அவ்வாறே உள்ளன. எனினும் பொருள் மாறிவிட்டது. டால்பட்டில் 'டால்பட் பையன்கள்' என்றது ஊர் முழுவதையும் உரிமை கோரிய பேச்சு. தொலைவிலுள்ள களத்தில் அதே சொற்கள், எங்கிருந்தோ வந்து இங்கு போரிட்ட சிலர் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. நூற்றாண்டுக்கு முன்னரே அங்கு எழுப்பப்பட்டிருந்தால் அது நடுகல்லுக்கு அண்மையானதாக இருந்திருக்கும். சிலையை உடைத்துருக்க வேண்டும் என்றவர்களோடு நான் உடன்படாமைக்கு இதுவே காரணம். ஒரு படைப்பின் பொருளில் இடம் எத்துணைப் பங்கு வகிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஈஸ்டனிலிருந்து சில மைல் தொலைவில் யூனியன்வில் என்ற சிற்றூர் உண்டு. யுத்தத்தின் பின், ஐக்கியத்தின் படையிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்களும் விடுதலை பெற்ற ஏனையோரும், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியரிடம் நிலம் பெற்று அமைத்த ஊர் அது. அங்குள்ள சென்ற் ஸ்டீவன்ஸ் தேவாலயத்தின் இடுகாட்டில் அவ்வீரர்களுள் 18 பேர் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். அவர்களும் டால்பட் கவுண்டியினர். அவர்களுள் அநேகர் அக்கவுண்டியின் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். தம் ஊருக்கு அவர்கள் இட்ட பெயரிலே டால்பட் இல்லை. தாம் எதன் பக்கம் போரிட்டனர் என்பது இருக்கிறது.